பூனைக்குட்டிக்கு எட்டு வாரம் ஒரு வீடு

பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். ஏழு என்கிற கணக்கு சரியோ தவறோ, விஷயம் உண்மைதான். பரண் மேல் ஈன்ற குட்டிகளை நாலாம் நாள் விறகுக் கொட்டகைக்குக் கொண்டுபோகும். அங்கே நாய் மோப்பம் பிடித்தால் பக்கத்து வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கொண்டுபோய் வைக்கும். கழுத்துத் தோலை வாயில் கவ்வி, ஒவ்வொன்றாகத் தூக்கிச் செல்லும். குட்டி தன் பங்குக்கு ஒன்றும் செய்வதில்லை. காலை மடக்கிக்கொண்டு தொங்குகிறது, அவ்வளவுதான். தென்கலை வைணவர்கள் சரணாகதிக்கு இதைத்தான் உவமையாகச் சொன்னார்கள். மார்ஜார நியாயம் என்று அதற்குப் பெயர்.

அந்தத் தாய்ப்பூனை லாரியில் அடிபட்டுச் செத்துப்போனால்? அல்லது யாரோ ஒருவர் குட்டிகளை மட்டும் அட்டைப்பெட்டியில் போட்டு, விடியற்காலையில் விலங்குகள் காப்பகத்தின் கேட் முன்னால் வைத்துவிட்டுப் போனால்?

"காப்பகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது, இனிமேல் கவலை இல்லை" என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். பெட்டியை வைத்துவிட்டுப் போகிறவரும் அப்படி நினைத்துத்தான் நிம்மதியாக வீடு திரும்புகிறார். ஆனால் இன்னும் பால்குடி மறக்காத குட்டிக்குக் காப்பகம் பாதுகாப்பான இடம் அல்ல. காப்பகங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நன்றாக நடக்கிற காப்பகத்துக்கும் இது பொருந்தும். அந்தக் குட்டிகள் பிழைக்க வேண்டுமானால் அவற்றுக்குத் தேவை இன்னும் பெரிய காப்பகக் கட்டடம் அல்ல. சில வாரங்களுக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுகிற சாதாரண வீடுகள்தான் தேவை.

இதைத்தான் ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'ஃபாஸ்டர்' செய்வது என்கிறார்கள். தமிழில் தற்காலிக வளர்ப்பு எனலாம். தத்தெடுப்பது வேறு, இது வேறு. குட்டி காப்பகத்தின் பொறுப்பில்தான் இருக்கும். வளர்ப்பவர் அதைச் சில வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு, தேறியதும் திருப்பித் தருவார். பிறகு அது நிரந்தரமாக வேறொரு வீட்டுக்குப் போகும்.

ஒரு சின்னக் கணக்கு

பிறந்த பூனைக்குட்டியின் எடை ஏறக்குறைய 100 கிராம். ஒரு பெரிய கொய்யாப்பழத்தைவிடக் குறைவு. கண் திறக்க 7 முதல் 14 நாள் ஆகும். தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி முதல் மூன்று வாரங்களுக்கு அதற்குச் சரியாகக் கிடையாது. சிறுநீர் கழிக்கக்கூட அதற்குத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் கழிக்கும். தாய் இல்லாவிட்டால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு தடவையும் மனிதர்கள் துடைத்துவிட வேண்டும்.

முதல் வாரத்தில் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பால் புகட்ட வேண்டும். இரவு, பகல் எல்லாம் சேர்த்து 24 மணி நேரத்தில் 12 தடவை. ஒரு குட்டிக்குப் பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, துடைத்துவிட்டுப் படுக்க வைக்க 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஈற்றில் 4 குட்டி இருந்தால் ஒரு சுற்றுக்கு 40 நிமிடம். 12 சுற்றுக்கு 8 மணி நேரம். அதாவது நாலே நாலு குட்டிக்கு ஒரு ஆளின் முழு நாள் வேலை!

ஒரு காப்பகத்தில் ஒரே வாரத்தில் இப்படி 20 குட்டிகள் வந்தால் என்ன ஆகும்? ஒரு நாளைக்கு 40 மணி நேர வேலை. நாய்க்கூண்டு கழுவவும், அடிபட்ட மாட்டுக்குக் கட்டுப் போடவும் ஆள் போதாத இடத்தில் இதற்கு எங்கே போவார்கள்? இரவில் காவலாளி மட்டுமே இருக்கிற காப்பகத்தில் நள்ளிரவு 2 மணிக்குப் பால் கொடுப்பது யார்? இது அன்பு இருக்கிறதா இல்லையா என்கிற கேள்வி அல்ல. வெறும் கூட்டல் கழித்தல்.

ஆனால் அதே 20 குட்டிகளை ஐந்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொரு வீட்டுக்கும் 4 குட்டி. வீட்டில் இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம். அதுவும் இந்தக் கடினமான காலம் நீண்ட நாள் கிடையாது. இரண்டாம் வாரம் 3 மணிக்கு ஒருமுறை, மூன்றாம் வாரம் 4 மணிக்கு ஒருமுறை என்று இடைவெளி கூடிக்கொண்டே போகும். நாலாம் வாரத்தில் தட்டில் வைத்ததை நக்கித் தின்னவும், மண் தட்டில் போய் இருக்கவும் பழகிவிடும்.

நோய் எங்கிருந்து வருகிறது?

காப்பகத்தில் இன்னொரு பெரிய ஆபத்து நோய். பல இடங்களிலிருந்து வந்த பூனைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் பரவுகிறது. குட்டிகளுக்கு எமனாக வருவது பான்லூகோபீனியா என்கிற வைரஸ் நோய். வாந்தி, பேதி என்று ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் ஓர் ஈற்றையே துடைத்துவிடும். இந்த வைரஸ் தரையிலும் கூண்டிலும் ஒரு வருடம் வரைகூடச் சாகாமல் இருக்கும். சாதாரண சோப்புக்கு மசியாது, ப்ளீச்சிங் கரைசல்தான் வேண்டும். தடுப்பூசி உண்டு என்றாலும் 4 வாரம் ஆவதற்கு முன் போடுவதில்லை. அதற்குப் பிறகும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பல தடவை போட்டால்தான் முழுப் பாதுகாப்பு. ஆக, எந்த வயதில் குட்டிக்குப் பாதுகாப்பே இல்லையோ, அந்த வயதில்தான் அதைக் கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் வைக்கிறோம்.

பெரிய பூனைக்கும் சிக்கல் இருக்கிறது. ஹெர்பிஸ் வைரஸ் ஒருமுறை தொற்றினால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க உடம்பிலேயே தங்கிவிடும். பயமும் பதற்றமும் வரும்போது மறுபடி தலைதூக்கும். நாய் குரைக்கிற சத்தம், அறிமுகம் இல்லாத வாசனை, ஒளிந்துகொள்ள இடமில்லாத கூண்டு, இவையெல்லாம் பூனைக்குப் பதற்றம்தான். கண்ணில் நீர் வடிந்து, மூக்கு அடைத்து, வாசனை தெரியாததால் சாப்பாட்டையும் நிறுத்திவிடும். அமைதியான ஒரு வீட்டின் மூலை அறையில் பத்து நாள் இருந்தால், அதே பூனை தானாகத் தேறிவருவது உண்டு.

அமெரிக்காவில் நடந்தது

தற்காலிக வளர்ப்பு என்பது இரக்கமுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே வசந்த காலத்திலிருந்து இலையுதிர் காலம் வரை பூனைகள் ஈனும் பருவம். அந்த மாதங்களில் காப்பகங்களில் குட்டிகள் வந்து குவியும். பால்குடிக் குட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால், அவற்றை வந்த அன்றே ஊசி போட்டுக் கொன்றுவிடுவது நெடுங்காலம் பல காப்பகங்களில் சாதாரண நடைமுறையாக இருந்தது. கொன்றவர்கள் கொடியவர்கள் அல்ல. பட்டினியில் சாவதைவிட இது மேல் என்று கருதியவர்கள்.

சட்டமும் அப்படித்தான் இருந்தது. தத்துக் கொடுக்கத் தகுதியான விலங்குகளைக் கொல்லக் கூடாது என்கிற கொள்கையை 1998-இல் கலிபோர்னியா மாநிலம் சட்டத்தில் எழுதியது. நல்ல சட்டம். ஆனால் தத்துக்குத் தகுதியான விலங்கு என்பதற்கு அந்தச் சட்டம் தந்த விளக்கத்தில் முதல் நிபந்தனையே எட்டு வாரம் நிரம்பியிருக்க வேண்டும் என்பது. எட்டு வாரத்துக்கு ஒரு நாள் குறைந்தாலும் குட்டி அந்தப் பாதுகாப்புக்கு வெளியே!

அந்த எட்டு வாரத்தை யார் தருவது என்பதுதான் கேள்வி. 2009-இல் சான் டியேகோ நகரின் விலங்குநலச் சங்கம் 24 மணி நேரமும் இயங்கும் பூனைக்குட்டிப் பராமரிப்பு மையம் ஒன்றைத் தொடங்கியது. 2010-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகர மன்றம், காப்பகத்துக்கு வரும் விலங்குகளில் 90 சதவீதத்தை உயிரோடு வெளியே அனுப்புவது என்று இலக்கு வைத்தது. அடுத்த வருடமே அதை எட்டியது. அங்கே முக்கியப் பங்கு வகித்தது ஒரு தொண்டு நிறுவனத்தின் புட்டிப்பால் குட்டிகள் திட்டம். குட்டிகள் முதலில் மையத்துக்கு வரும், பிறகு வீடுகளுக்குப் பிரிந்து போகும்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. காப்பகங்கள் ஆள் இல்லாமல் மூடும் நிலை வந்ததும், தற்காலிகமாக வளர்க்க முன்வரும்படி பொதுமக்களைக் கேட்டார்கள். நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஒரே ஒரு அமைப்பின் திட்டத்தில் மட்டும், வீடுகளுக்குப் போன விலங்குகளின் எண்ணிக்கை முந்தைய வருடத்தைவிட ஏறத்தாழ 70 சதவீதம் கூடியது. அதாவது, கதவைத் திறக்கக்கூடிய வீடுகள் முன்பே இருந்திருக்கின்றன. கேட்க வேண்டிய விதத்தில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

இதனால் அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. 2024-இல் அமெரிக்கக் காப்பகங்களுக்கு வந்த நாய், பூனைகள் சுமார் 58 லட்சம். அவற்றில் சுமார் 6 லட்சம் கொல்லப்பட்டன. ஆனால் எங்கே குறைந்ததோ, அங்கெல்லாம் வீடுகள் உதவியிருக்கின்றன என்பதை மறுக்க முடியாது.

"கொடுத்துவிட்டு எப்படி இருப்பது?"

தற்காலிக வளர்ப்பு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். "ரெண்டு மாசம் வளர்த்துட்டு எப்படிங்க கொடுக்கிறது? மனசு கேட்காதே!"

நியாயமான கேள்விதான். கொடுக்கும்போது வலிக்கும். வலிக்கவில்லை என்று சொல்பவர்கள் குறைவு. ஆனால் அந்த வலியை யார் சுமப்பது என்று யோசித்துப் பாருங்கள். வளர்ப்பவருக்கு நாலு நாள் அழுகை. அந்த அழுகைக்குப் பயந்து யாரும் எடுக்காவிட்டால் குட்டிக்கு உயிரே போகிறது. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் வீடுகளிலும் வாசலில் அழுகிறார்கள். அழுகை வரும் என்பதற்காக யாரும் கல்யாணத்தை நிறுத்துவதில்லை.

சிலர் கொடுக்க மனமில்லாமல் தாங்களே வைத்துக்கொள்வதும் உண்டு. அமெரிக்காவில் இதைக் கேலியாக 'ஃபாஸ்டர் ஃபெயில்' என்பார்கள். அந்தக் குட்டிக்கு அது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் வைத்துக்கொண்டே போனால் அந்த வீட்டில் அடுத்த குட்டிக்கு இடம் இருக்காது. வருடத்துக்கு மூன்று ஈற்றுக் குட்டிகளை வளர்த்து அனுப்பக்கூடிய வீடு, மூன்று பூனை வளர்க்கும் வீடாக மாறிவிடும். கொடுக்கத் தெரிவதுதான் இதில் பாதி வேலை.

இன்னொரு வலியையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். சில குட்டிகள் சாகும். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் சாகும். நேற்று பால் குடித்தது இன்று சோர்ந்து, உடம்பு குளிர்ந்து, மாலைக்குள் போய்விடும். முதன்முதலாக வளர்க்கிறவர்களிடம் காப்பகங்கள் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமல் குட்டியைக் கையில் கொடுத்தால், அவர் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டு மறுமுறை கதவைத் திறக்க மாட்டார்.

அன்பு மட்டும் போதாது

நல்ல எண்ணத்தில் செய்யும் தவறுகளாலும் குட்டிகள் சாகின்றன. இவை தெரியாமல் குட்டியை எடுக்கக் கூடாது.

முதலாவது, பசும்பால். ஆவின் பாலில் தண்ணீர் கலந்து கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். பூனையின் பாலில் இருக்கும் அளவுக்குப் புரதமும் கொழுப்பும் அதில் இல்லை. பேதியாகி, நீர் வற்றிக் குட்டி சாகும். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பவுடர்தான் சரி. இரண்டாவது, உடம்பு குளிர்ந்திருக்கும் குட்டிக்குப் பால் கொடுப்பது. குளிர்ந்த உடம்பில் செரிமானம் நடக்காது. முதலில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை அருகில் வைத்துச் சூடேற்ற வேண்டும், பிறகுதான் பால். மூன்றாவது, கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டுப் புகட்டுவது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிப்பதைப் போலக் குப்புறப் படுத்த நிலையில்தான் கொடுக்க வேண்டும். தினமும் சமையல் தராசில் எடை பார்ப்பதும் அவசியம். ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம் கூடினால் குட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: தனியாகக் கிடக்கும் குட்டிகள் எல்லாம் அனாதைகள் அல்ல. தாய் இரை தேடப் போயிருக்கலாம். ஏழு வீடு மாற்றும் வேலையின் நடுவில் இருக்கலாம். குட்டிகள் கொழுகொழுவென்று, சுத்தமாக, சத்தம் போடாமல் தூங்கினால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆபத்து எதுவும் இல்லையென்றால் சில மணி நேரம் தள்ளி நின்று கவனிக்க வேண்டும். தாயிடமிருந்து குட்டிகளைப் பிடுங்கிக்கொண்டு போவதைக் காப்பாற்றுவது என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் ரேபிஸ் பயமும் இருக்கிறது. அதை அலட்சியப்படுத்தக் கூடாது. முன்னெச்சரிக்கை ஊசியைப் போட்டுக்கொள்வது நல்லது. கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீட்டில் ஏற்கனவே பூனை இருந்தால், புதுக்குட்டிகளை இரண்டு வாரமாவது தனி அறையில் வைக்க வேண்டும். கர்ப்பிணிகள் மண் தட்டைச் சுத்தம் செய்யும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட வேண்டும்.

காப்பகத்தின் கடமை

இங்கே காப்பகங்களுக்கும் ஒரு வார்த்தை. தற்காலிக வளர்ப்பு என்றால் சுமையை வேறொருவர் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் போனை எடுக்காமல் இருப்பது அல்ல. பால்பவுடர், தடுப்பூசி, மருந்துச் செலவு காப்பகத்தைச் சேர்ந்தது. இரவில் கூப்பிட்டால் பேச ஒரு ஆள் வேண்டும். எந்தத் தேதியில் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று எழுத்தில் தர வேண்டும். எட்டு வாரம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு எட்டு மாதம் ஆகியும் வராவிட்டால், அந்த வீடு மட்டுமல்ல, அதைக் கேள்விப்பட்ட பத்து வீடுகளும் கதவை மூடிக்கொள்ளும்.

மிக முக்கியமானது கருத்தடை. பூனை நாலு மாதத்திலேயே சினைக்கு வரக்கூடும். சினைக்காலம் 63 நாளிலிருந்து 65 நாள். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகவும் கூடும். அதிலும் சென்னை போன்ற வெப்பமான ஊர்களில் வருடம் முழுக்க ஈனும். குட்டிகளை வளர்த்துக் கருத்தடை செய்யாமல் அனுப்புவது, ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பது போலத்தான். 2001-இல் இந்தியாவில் வந்த கருத்தடை விதிகளின் பெயரிலேயே நாய்கள் என்றுதான் இருந்தது. 2023-இல் வந்த புதிய விதிகளின் பெயரில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பூனைகளையும் கவனிக்க உள்ளாட்சிகளுக்கு இதுவே நேரம்.

வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார் என்பது வாடகை வீட்டில் இருப்பவர்களின் உண்மையான கஷ்டம். சிங்கப்பூரில், தமிழர்கள் உட்படப் பெரும்பான்மை மக்கள் வசிக்கும் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கவே பல்லாண்டு காலம் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை வரை அனுமதி, ஆனால் உரிமமும் அடையாளச் சில்லும் கட்டாயம். விதியை அடியோடு எடுக்காமல், ஒழுங்குபடுத்தி அனுமதித்தார்கள். இங்குள்ள குடியிருப்போர் சங்கங்களும் மொத்தத் தடைக்குப் பதிலாக இப்படி யோசிக்கலாம்.

எட்டு வாரத்தில் கிடைப்பது

"மனுஷக் குழந்தைங்களுக்கே வழியில்லை, இதில் பூனைக்கா?" என்று கேட்பவர்களும் உண்டு. பூனைக்குட்டிக்கு இரவு 2 மணிக்குப் பால் கொடுக்கிற கை, குழந்தைக்குக் கொடுக்க மறுக்கிற கை அல்ல. இரக்கம் ஒரு பக்கம் செலவானால் மறுபக்கம் தீர்ந்துபோகிற பொருளும் அல்ல.

உயிர் பிழைப்பது தவிர இன்னொரு நன்மையும் இருக்கிறது. பூனை மனிதர்களோடு பழகக் கற்றுக்கொள்ளும் முக்கியமான காலம் பிறந்து 2 முதல் 7 வாரம் வரை. அந்தக் காலத்தில் மிக்ஸி ஓடும் சத்தம், குக்கர் விசில், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் கூச்சல், மடியில் தூக்கி வைக்கும் கை, இவற்றையெல்லாம் கேட்டும் உணர்ந்தும் வளர்ந்த குட்டி மனிதரைக் கண்டு ஓடாது. கூண்டில் கழித்த குட்டிக்கு அது கிடைப்பதில்லை. தத்தெடுக்க வருகிறவர்கள் தேர்ந்தெடுப்பது ஓடி ஒளியும் குட்டியையா, காலைச் சுற்றி வரும் குட்டியையா?

கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கியபோது, தெருவில் ஆதரவற்றுக் கிடந்த விலங்குகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதே பெரிய யோசனையாக இருந்தது. இன்று அப்படிப்பட்ட இடங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. இப்போது குறைவாக இருப்பது அந்த இடத்துக்கும் நிரந்தர வீட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய வீடு.

இதற்குப் பெரிய பங்களா தேவையில்லை. ஒரு மூலை அறை அல்லது மூடிய பால்கனி, ஒரு அட்டைப்பெட்டி, பழைய துண்டுகள், ஒரு தராசு, இரவில் எழுந்திருக்கும் மனம், இவை போதும். ஓய்வு பெற்றவர்கள் செய்யலாம். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் செய்யலாம். கல்லூரி மாணவர்கள், வீட்டில் அம்மாவின் சம்மதம் கிடைத்தால், கோடை விடுமுறையில் செய்யலாம். இரவு முழித்துப் பால் கொடுக்க முடியாதவர்கள், நாலு வாரம் தாண்டிய, தானாகச் சாப்பிடும் குட்டிகளைக் கேட்டு வாங்கலாம். அவற்றுக்கும் இடம் வேண்டும்.

100 கிராமில் வந்தது எட்டாம் வாரத்தில் ஒரு கிலோவை நெருங்கும். தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, ஒரு கூடையில் வைத்து அடுத்த வீட்டுக்கு அனுப்பலாம். தாய்ப்பூனை இருந்திருந்தால் ஏழு வீடு மாற்றியிருக்கும். அது இல்லாத இடத்தில் யாராவது ஒருவர் ஒரு வீடாவது மாற்றிக் கொடுக்கலாமே! அருகில் இருக்கும் காப்பகத்துக்குப் போன் செய்து, "இப்போது வீடு தேவைப்படும் குட்டி இருக்கிறதா?" என்று கேட்பதுதான் அதற்கு முதல் படி.